செய்திக்கும் வயது உண்டு

"எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன் என்று எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். ஆனால் படிக்கிறவர்களுக்குப் புரிய வேண்டும்" என்பது மலர்க் குழுவினர் எனக்கு இட்ட நிபந்தனை. நியாயமான நிபந்தனைதான். ஆகவே வயர்லெஸ் துறையில் சுமார் பதினைந்து ஆண்டுகளாகப் பேசப்பட்டுவரும் ஒரு கருத்தின் வரலாற்றை, நம் சேலம் - நாமக்கல் சமவெளியில் தொடங்கிச் சொல்ல முயல்கிறேன். கட்டுரை முடியும் இடத்தில் ட்ரோன்கள் வரும். அதற்கு முன் லாரி வரும், ஆற்று வெள்ளம் வரும், புறாவும் பஸ்ஸும்கூட வரும். பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

நாமக்கல்லில் லாரித் தொழில் வளர்ந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். லோடு ஏற்றி வடக்கே போன வண்டியைப் பற்றி உரிமையாளருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: வண்டி இப்போது எங்கே? டிரைவர் ஏதாவது ஓர் ஊரில் நிறுத்தி, டிரங்க் கால் புக் செய்து, லைன் கிடைக்கும்வரை காத்திருந்து, "நாக்பூர் தாண்டிட்டேனுங்க" என்று சொல்லுவார். அந்தக் குரல் கம்பியில் வந்து சேர ஒரு விநாடிகூட ஆகவில்லை. ஆனால் அதன் பிறகு அடுத்த போன் வரும்வரை, ஆபீஸில் இருப்பவருக்கு வண்டி நாக்பூரிலேயே நிற்கிறது! மறுநாள் யாராவது கேட்டாலும் "வண்டி நாக்பூர் தாண்டிருச்சுங்க" என்பதுதான் பதில். போன் வேகமாகத்தான் இருந்தது. கையில் இருந்த செய்திதான் கிழடாகிக்கொண்டே போனது.

எஸ்.டி.டி. பூத்கள் வந்தபோது இந்த இடைவெளி குறைந்தது. செல்போன் வந்தபோது இன்னும் குறைந்தது. இப்போது வண்டியிலேயே ஜி.பி.எஸ். கருவி உட்கார்ந்துகொண்டு சில விநாடிகளுக்கு ஒருமுறை இருப்பிடத்தைச் சொல்லுகிறது. முட்டை வியாபாரமும் இப்படித்தான். 1982-ல் தொடங்கப்பட்ட தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு விலை அறிவித்ததும், பழைய விலைக்கு மதிப்பில்லை. கரும்பலகையில் நேற்றைய எண்ணை அழித்துவிட்டுத்தான் இன்றைய எண்ணை எழுதுகிறோம். யாரும் நேற்றைய விலையை முதலில் படித்து முடித்துவிட்டு இன்றைய விலைக்கு வருவதில்லை. இந்தச் சின்ன விஷயத்தைக் கவனத்தில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

தந்தியின் கதையும் இங்கே பொருந்தும். கல்கத்தாவில் டாக்டர் ஓ'ஷாக்னஸி 1839-ல் சோதனை செய்து, பின்னர் கல்கத்தாவுக்கும் டைமண்ட் ஹார்பருக்கும் இடையே முதல் கம்பியை இழுத்தார். 1855-ல் தந்தி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 2013 ஜூலையில் மூடப்பட்டது. தந்தித் தாளில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது: எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்ற நேரமும் அதில் இருக்கும். வாங்குகிறவர் கடிகாரத்தைப் பார்த்து ஒரு கழித்தல் போட்டால் போதும், செய்திக்கு எத்தனை மணி நேர வயது என்று தெரிந்துவிடும். கம்பியில் ஆன நேரம் மிகச் சொற்பம். ஆபீஸில் வரிசையில் கிடந்ததும், கடைசியில் தந்திச் சேவகர் சைக்கிளில் வந்ததும்தான் பெரும்பகுதி. வரிசையைத் தாண்ட வேண்டுமென்றால் அவசரத் தந்தி, கட்டணம் இரட்டிப்பு.

இனி ஆற்றுக்கு வருவோம். ஏனென்றால் நம் பகுதியில் செய்தியின் வயது உயிரைப் பற்றிய விஷயமாக ஆவது காவிரிக் கரையில்தான்.

1924 ஜூலையில் காவிரியில் வந்த பெருவெள்ளத்தின்போது மேட்டூரில் அணை கிடையாது. மறு ஆண்டு, 1925-ல், பணி தொடங்கியது. 1934 ஆகஸ்ட் 21 அன்று, அப்போதைய சென்னை கவர்னர் ஸ்டான்லியின் பெயரைத் தாங்கிய நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நிரம்பினால் உபரி நீர் போக 16 கண் மதகு. இதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். அணை வந்தபின் வெள்ளம் என்பது ஓரளவு மனிதன் கணக்குக்குள் வந்தது. அதோடு செய்தியும் கணக்குக்குள் வந்தது. மேலே கர்நாடகத்தில் கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் எவ்வளவு திறக்கின்றன, எல்லையில் பிலிகுண்டுலுவில் அளவு எவ்வளவு, மேட்டூருக்கு வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு என்று ஒரு சங்கிலி. பிலிகுண்டுலுவை வழக்குச் செய்திகளில் நீங்கள் அறிவீர்கள்: 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 177.25 டி.எம்.சி. என்று சொன்னது அந்த இடத்தில் அளக்கப்படும் தண்ணீரைத்தான். வறட்சிக் காலத்தில் பங்கீட்டுக்கு உதவும் அதே அளவுகோல், வெள்ளக் காலத்தில் நமக்கு எச்சரிக்கை மணி.

பத்திரிகையில் தினமும் ஒரு வரி வரும்: "இன்று காலை 8 மணி நிலவரப்படி அணையின் நீர்மட்டம் இவ்வளவு அடி." இந்த "8 மணி நிலவரப்படி" என்ற சொற்களை நான் மிகவும் மதிக்கிறேன். செய்தி பிறந்த நேரத்தை அதன் நெற்றியிலேயே ஒட்டி அனுப்புகிறார்கள். மாலை 6 மணிக்குப் படித்தால் அதற்கு 10 மணி நேர வயது. சித்திரை மாதத்தில் அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. பத்து மணி நேரத்தில் அணை மட்டம் பெரிதாக மாறிவிடாது. ஆடி மாதத்தில் அதே 10 மணி நேரத்துக்குள் குமாரபாளையத்தில் ஒரு தெருவே தண்ணீருக்குள் போய்விடலாம். வயது ஒன்றுதான், அதன் விலை பருவத்துக்குப் பருவம் வேறு.

2018, 2022, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மேட்டூர் நிரம்பி ஏராளமான உபரி நீர் திறக்கப்பட்டபோது, குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோர வீடுகளில் தண்ணீர் புகுந்து, மக்களை முகாம்களுக்கு மாற்ற வேண்டியிருந்தது. 2018 ஆகஸ்டில் அதே வெள்ளம் கீழே போய் முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் மதகுகளையே உடைத்தது. வெள்ள எச்சரிக்கை என்னவோ முன்கூட்டியே வருகிறது. தண்டோராவும், ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவும், இன்று செல்போனில் அலறும் எச்சரிக்கையும் இருக்கின்றன. ஆனால் கரையோரக் குடும்பம் கேட்கும் கேள்வி "எவ்வளவு கன அடி?" என்பதல்ல. "தண்ணி இப்ப எந்தப் படிக்கட்டு வரைக்கும் வந்திருக்கு? இன்னும் ஏறுதா?" என்பதுதான். தறியைத் தூக்கி வைக்கலாமா, ஆடு மாட்டை அவிழ்க்கலாமா என்பதெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தது. அந்தப் பதில் ஒரு மணி நேரம் பழையது என்றால் அதை நம்பி ஒரு பீரோவைக்கூட நகர்த்த முடியாது.

இதற்கு ஒரு கணிதம் உண்டா? 2011-ல் வந்தது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சஞ்சித் கவுல், ராய் யேட்ஸ், மார்கோ குரூட்டெஸர் முதலானோர், ஒன்றுக்கொன்று இருப்பிடத்தைச் சொல்லிக்கொள்ளும் வாகனங்களைப் பற்றி ஆராய்ந்தார்கள். நம் நாமக்கல் லாரிக் கேள்விதான்! அவர்கள் அளந்தது வேகத்தை அல்ல; "தகவலின் வயது" என்ற ஒன்றை. வாங்குகிறவர் கையில் உள்ள மிகப் புதிய செய்தி எப்போது பிறந்தது? இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழி. அவ்வளவே. வரைபடமாகப் போட்டால் ரம்பப் பல் மாதிரி இருக்கும்: வயது ஏறிக்கொண்டே போகும், புதிய செய்தி வந்ததும் சட்டென்று இறங்கும், மறுபடி ஏறும். 10 நிமிஷத்துக்கு ஒருமுறை அளவெடுத்து, அது வந்து சேர 1 நிமிஷம் ஆனால், வயது 1-க்கும் 11-க்கும் இடையே ஊசலாடும். (சஞ்சித் கவுல் பின்னர் டெல்லி ஐ.ஐ.ஐ.டி.யில் பேராசிரியரானார் என்பது நமக்கு ஒரு சந்தோஷம்.)

அடுத்த ஆண்டு, 2012-ல், கவுல், யேட்ஸ், குரூட்டெஸர் மூவரும் வெளியிட்ட கட்டுரையில்தான் உண்மையான ஆச்சரியம் இருந்தது. எவ்வளவு அடிக்கடி செய்தி அனுப்பினால் வயது குறையும்? "முடிந்தவரை அடிக்கடி" என்றுதான் யாரும் சொல்வோம். தவறு. அதிகம் அனுப்பினால் வரிசையில் நெரிசல். ரேஷன் கடைக் க்யூ மாதிரி, முன்னால் நிற்கும் பழைய செய்திகள் தீரும்வரை புதியது காத்திருக்கும். சேரும்போது அதுவும் பழசு. மிகக் குறைவாக அனுப்பினாலோ வரிசை காலி, ஆனால் சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இல்லை. செய்திகள் தற்செயலாக வந்து, வந்த வரிசையிலேயே அனுப்பப்படும் எளிய அமைப்புக்கு அவர்கள் கண்ட விடை: இணைப்பு ஏறக்குறைய 53 சதவீத நேரம் மட்டுமே வேலையாக இருக்க வேண்டும். மீதி நேரம் சும்மா இருப்பது வீண் அல்ல. நான் படித்த பாடப் புத்தகங்கள் எல்லாம் இணைப்பை முழுக்க நிரப்புவதையே சாமர்த்தியம் என்றன. இந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சிறிது நேரம் நம்பிக்கை வரவில்லை.

இன்னொரு வழியும் உண்டு. முட்டை விலைப் பலகையை நினைவு வைத்திருக்கிறீர்கள் அல்லவா? வரிசையில் புதிய அளவு வந்ததும், அனுப்பப்படாமல் கிடக்கும் பழைய அளவை அழித்துவிடுவது. ஆற்று மட்டத்துக்கு இது சரி. வங்கிக் கணக்குக்குக் கூடாது, அங்கே ஒவ்வொரு வரவும் செலவும் வேண்டும். எந்தச் செய்தியை எறியலாம், எதை எறியக்கூடாது என்று முதலில் பிரித்துக்கொள்வதே பாதி வேலை.

இனிப் பறப்பவற்றுக்கு வருவோம். கம்பி அறுந்துபோன, அல்லது கம்பியே இல்லாத இடத்தில் எதையாவது பறக்கவிட்டு இடைவெளியை அடைப்பது புதிய யோசனை அல்ல. 1850-ல் ராய்ட்டர், ஜெர்மனியின் ஆகனிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்குத் தந்தி இல்லாத தூரத்தைப் புறாக்களைக் கொண்டு கடந்து பங்குச் சந்தை விலைகளை அனுப்பினார். நம் நாட்டிலேயே, ஒரிசா போலீஸ் 1946-ல் ராணுவத்திடமிருந்து பெற்ற புறாக்களுடன் தொடங்கிய தூதுப் பணி 2002 வரை நடந்தது. 1948-ல் பிரதமர் நேரு சம்பல்பூரிலிருந்து கட்டாக்குக்குச் செய்தி அனுப்பியது இந்தப் புறாவில்தான். 1982 வெள்ளத்திலும், 1999 பெரும்புயலில் வயர்லெஸ் செயலிழந்தபோதும் புறாக்கள் உதவின. இதை வேடிக்கையாக நினைக்க வேண்டாம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மின்சாரம் போய், செல்போன் கோபுரங்கள் பல ஊமையாகி, ஹாம் ரேடியோ அன்பர்கள் கைகொடுக்க வேண்டியிருந்ததை இந்த மலரைப் படிக்கும் பலர் நேரிலேயே பார்த்திருப்பீர்கள்.

பக்கத்துக் கர்நாடகத்தில் இன்னும் சுவையான ஒரு சோதனை நடந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், டாக்நெட் என்ற பெயரில், தொட்டபள்ளாபூர் பகுதியில் பஸ்ஸில் ஒரு வை-ஃபை பெட்டியை வைத்தார்கள். பஸ் கிராமத்தைக் கடக்கும்போது அங்குள்ள கம்ப்யூட்டரிலிருந்து நில ஆவண விண்ணப்பங்களை வாங்கிக்கொள்ளும். டவுனுக்கு வந்ததும் இறக்கிவிடும். தபால் பை மாதிரியே! செலவு குறைவு, யோசனை அருமை. நில ஆவணம் சில மணி நேரம் தாமதமானால் கெட்டுப்போகாது என்பதால் அது வேலை செய்தது. அதே பஸ்ஸில் வெள்ள அளவை ஏற்றி அனுப்ப முடியுமா?

ட்ரோன் என்பது அந்தப் பஸ்ஸும் புறாவும் சேர்ந்த ஒன்று. சுமந்துகொண்டும் வரும், உயரத்தில் நின்று செல்போன் கோபுரமாகவும் இருக்கும். 2017-ல் மரியா புயலுக்குப் பிறகு போர்ட்டோ ரிக்கோவில் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் இரண்டாவது வேலையைச் செய்து காட்டியது. சுமார் 200 அடி உயரத்தில் நின்ற அந்தக் கருவிக்குத் தரையிலிருந்து கேபிள் வழியாகவே மின்சாரம் போனது. நம் மாநிலத்தில் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் விண்வெளி ஆராய்ச்சி மையம், பேராசிரியர் செந்தில்குமார் தலைமையில் வெகுநாளாக இத்துறையில் உழைத்து வந்திருக்கிறது. அவர்களுடைய தக்‌ஷா குழு 2018-ல் ஆஸ்திரேலியாவில் மருத்துவ மாதிரியை எடுத்துவரும் ட்ரோன் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. 2021 ஆகஸ்டில் மத்திய அரசின் ட்ரோன் விதிகள் வந்து, பச்சை மண்டலங்களில் 400 அடி வரை பறப்பது எளிதாயிற்று. 2022-ல் தமிழக அரசு இதற்கென்றே ஒரு கழகத்தை அமைத்தது. பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் சேலமும் ஒன்று என்பதை மாணவத் தம்பி தங்கைகள் குறித்துக்கொள்ளலாம்.

400 அடி என்பது ஏறக்குறைய 120 மீட்டர். அந்த உயரத்திலிருந்து அடிவானம் சுமார் 39 கிலோமீட்டர். ஒரு மாடி வீட்டின் மேல், 9 மீட்டரில் வைத்த ஆண்டெனாவுக்கோ 11 கிலோமீட்டருக்கும் குறைவு. சமவெளியில் இருப்பதன் லாபம் இது. ஆனால் பேட்டரிதான் எமன். நான்கு, ஆறு காற்றாடிகள் வைத்த சாதாரண ட்ரோன் 25 நிமிஷம் பறந்தால் பெரிது.

ஒரு கணக்குப் போடுவோம். ஆற்றோரமாக 2 கிலோமீட்டருக்கு ஒன்றாக 5 அளவுமானிகள். செல்போன் கோபுரங்கள் செத்துவிட்டன. ட்ரோன் முதல் மானியிலிருந்து கிளம்பி, விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போய், ஒவ்வொன்றிலும் 1 நிமிஷம் நின்று அளவை வாங்கி, 8 கிலோமீட்டர் திரும்பி வருகிறது. போக 1,100 விநாடி, வர 800 விநாடி. மொத்தம் ஏறக்குறைய 32 நிமிஷம். முதலில், பேட்டரி போதாது. போதும் என்றே வைத்துக்கொண்டாலும், முதல் மானியின் அளவு கைக்கு வரும்போது அதற்கு அரை மணி நேர வயது. அடுத்த சுற்று முடிவதற்குள் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். கடைசி மானியின் அளவுதான் புதிது, அதுவும் 13 நிமிஷம். ஆக "எல்லாவற்றையும் சேகரித்துக்கொண்டு வா" என்ற சிக்கனப் புத்தி இங்கே எடுபடாது. பாதியில் திரும்புவதா, வேகமாக ஏறும் மானியை மட்டும் அடிக்கடி பார்ப்பதா, இரண்டு ட்ரோன்களை விட்டு ஒன்றை நடுவானில் அஞ்சல் நிலையமாக நிறுத்துவதா? உலகெங்கும் ட்ரோன் வலையமைப்பில் தகவலின் வயதைப் பற்றி வரும் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்விகளையே சுற்றுகின்றன. அவற்றில் பலவற்றைப் படித்திருக்கிறேன். பெரும்பாலானவற்றில் காற்றே வீசுவதில்லை என்பது என் குறை.

நம் ஊரில் அது முடியாது. இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் மழைதான் நம் வெள்ளம். ஆற்றில் தண்ணீர் கரைபுரளும் நாளில் நாமக்கல்லில் வானம் பெரும்பாலும் வெளுத்தே கிடக்கும். எனவே ட்ரோனுக்கு மழை பெரிய தொல்லை இல்லை. ஆனால் அது ஆடி மாதம். அம்மியே பறக்கும் என்பது பழமொழி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று விநாடிக்கு 6 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டர் வேகக் கருவிக்கு எதிரே போகும்போது மிஞ்சுவது 4 மீட்டர்தான். கூடவே வரும்போது 16.

வேலூரிலிருந்து மோகனூர் பக்கமாக ஆறு கிழக்கு நோக்கி ஓடுகிறது. அங்கே 4 கிலோமீட்டர் நீளத்தை எடுத்துக்கொள்வோம். மேற்கு முனையிலிருந்து ட்ரோனை விட்டால் காற்றோடு 250 விநாடியில் கிழக்கு முனைக்குப் போய், அளவெடுத்து, எதிர்காற்றில் 1,000 விநாடி முக்கி முனகித் திரும்பும். செய்திக்கு 17 நிமிஷ வயது. கிழக்கு முனையிலிருந்து விட்டால் 1,000 விநாடி எதிர்த்துப் போகும், ஆனால் அப்போது அதன் கையில் செய்தி இல்லை, எதுவும் கிழடாவதில்லை. மேற்கே அளவெடுத்துக்கொண்டு 250 விநாடியில் வந்துவிடும். வயது 4 நிமிஷம் சொச்சம். அதே கருவி, அதே பேட்டரி, அதே 1,250 விநாடி. தண்ணீரும் மேற்கிலிருந்துதான் வருகிறது. கீழே கிழக்கில் இருப்பவர்களுக்குத்தான் அந்தச் செய்தி முதலில் வேண்டும். கடைசி வருட மாணவர்கள் யாராவது ப்ராஜெக்ட்டாக எடுத்துச் செய்வதானால், ஆடி பிறப்பதற்கு முன் கிழக்குக் கரையில் இடம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.